பதினேழாம் எண் குழந்தை

எங்கள் வகுப்பில் குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது, சத்தமும் கிடையாது. எண் மட்டும்தான். மூன்று மாதக் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, பொம்மை காட்டாமல், கொஞ்சாமல், விழித்திருக்கும்போது மூன்று நிமிடம் படம் எடுப்பார்கள். சத்தத்தை அணைத்துவிட்டு அதைத் திரையில் போட்டு, ஆராய்ச்சிப் பயிற்சிக்கு வந்த நாங்கள் ஐந்து பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம். மூளை நன்றாக இருந்தால் மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து என்று எங்கும் சின்னச் சின்னத் துறுதுறுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். இருந்தால் ‘உண்டு’ என்று எழுதவேண்டும். இல்லாவிட்டால் ‘இல்லை’. பிரசவம் எப்படி நடந்தது, யார் வீட்டுப் பிள்ளை, எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பார் எங்கள் பயிற்சியாளர் அம்மா. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஊமைப்படம். ஆள் என்னவோ நேர்மாறு, திட்ட ஆரம்பித்தால் மூச்சுவிட மாட்டார்.

என் அண்ணன் மகள் பிறந்ததும் அழவில்லை. மூன்று நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். “அதெல்லாம் சரியாயிடுச்சு” என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். குழந்தை மருத்துவரான நானும்தான் சொன்னேன். இந்தப் பயிற்சிக்கு வந்த பிறகு பிடித்தது சனி. ஞாயிற்றுக்கிழமை தோறும் போவேன். அவள் கால் கட்டிப்போட்டதுபோல் கிடப்பதாகத் தோன்றும். அடுத்த நிமிடமே, இல்லை, இப்போது அசைந்ததே என்று தோன்றும். வீட்டுக்கு வந்தால் இருப்புக் கொள்ளாது. சமைத்ததைச் சாப்பிட மறந்து பாத்திரத்தைக் கழுவிவைத்த நாளும் உண்டு.

போன வாரம் அவளுக்கு மூன்று மாதம் முடிந்தது. “ஒரு ஞாபகத்துக்கு” என்று அண்ணனிடம் புளுகி, மூன்று நிமிடப் படம் கேட்டு வாங்கினேன். பதினொரு தடவை பார்த்தேன். ஆறு தடவை ‘உண்டு’, ஐந்து தடவை ‘இல்லை’. அத்தை என்ற உறவுக்கு முன்னால் படித்த படிப்பெல்லாம் செல்லாக்காசு. அதனால் ஒரு காரியம் செய்தேன். இந்த வாரம் படங்களின் பெயரை நீக்கி எண் போடுவது என் முறை. பட்டியலில் பதினாறு குழந்தைகள். பதினேழாவதாக அவளைச் சேர்த்துவிட்டேன்.

இன்று காலை பத்து மணிக்கு வகுப்பு தொடங்கியது. பதினாறும் முடிந்து அவள் திரையில் வந்தாள். நீலக் கோடு போட்ட விரிப்பு, பக்கவாட்டில் சாய்ந்த தலை. மூன்று நிமிடம் அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் எழுதினார்கள். நானும் எழுதினேன்.

ஊமைப்படம் சீட்டுகளைப் பிரித்தார். “நாலு ‘இல்லை’, ஒரு ‘உண்டு’. உண்டுன்னு எழுதினது யாரு?”

கையைத் தூக்கினேன்.

“எங்க பாத்தீங்க? வந்து காட்டுங்க.”

திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். படம் மறுபடி ஓடியது. வலது கணுக்கால், இல்லை. கழுத்து, இல்லை. அசடு வழிய நின்றுகொண்டு தேடினேன். கடைசியில் இடது மணிக்கட்டு துடித்தது. “இதோ! இங்க பாருங்க!” என்று கத்தியேவிட்டேன்.

எங்களோடு படிக்கும் நர்ஸ் அக்கா எழுந்து வந்தார். பச்சிளம் குழந்தைகளோடு இருபது வருடம் இருந்தவர். படத்தை நிறுத்தி மறுபடி ஓட்டினார். “அது கை இல்லம்மா. பின்னாடி விரிப்போட கோடும் சேந்து ஆடுது பாருங்க. செல்போனப் பிடிச்சவர் கை நடுங்கிருக்கு.”

கோடும் ஆடியது. அண்ணனின் கை நடுக்கம் அது. அவனுக்கும் பயமா என்று அப்போதுதான் உறைத்தது.

ஊமைப்படம் பட்டியலைப் புரட்டினார். “பதினேழுன்னு ஒண்ணு என் லிஸ்ட்லயே இல்லையே. யார் இது?”

“என் அண்ணன் பொண்ணு, மேடம்.”

மூச்சுவிடாமல் திட்டுகிறவர் பட்டியலை மூடிவைத்தார். பிறகு, “குழந்தையோட அம்மா அப்பாகிட்ட சொன்னீங்களா?”

“ஞாபகத்துக்குன்னு சொன்னேன்.”

“பெத்தவளுக்குத் தெரியாம அஞ்சு பேர் உக்காந்து அவ குழந்தைக்கு ஓட்டுப் போட்டிருக்கோம். இதுக்குப் பேரு ஆராய்ச்சியா? முதல் நாளே என்ன சொல்லிக்கொடுத்தேன்? சம்மதம் இல்லாம ஒரு நிமிஷப் படம்கூட கூடாதுன்னேன்ல?” குரல் தணிந்தது. “ஒரு படத்த வெச்சு எதுவும் முடிவாகாது. திரும்ப எடுக்கணும், பரிசோதிக்கணும், ஸ்கேன் பாக்கணும். ஆனா இந்த வயசுலயே குழந்தைக்குக் கைகால் பயிற்சி ஆரம்பிச்சா நல்லது, அதுவும் உங்களுக்குத் தெரியும். வெளிய போய் இப்பவே போன் பண்ணுங்க. நடந்தத அப்படியே சொல்லுங்க.”

தாழ்வாரத்தில் நின்று இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தினேன். அண்ணி எடுத்தார். படம் கேட்டது, பொய் சொன்னது, நாலு ‘இல்லை’, என் ‘உண்டு’ எல்லாவற்றையும் கொட்டி, குழந்தையைப் பரிசோதிக்க வேண்டும் என்றேன். திட்டுவார் என்று நின்றேன்.

“எனக்கு ஒரு மாசமாவே மனசு கேக்கல” என்றார் அண்ணி. “டயப்பர் மாத்தும்போது மத்த குழந்தைங்க உதைக்குமாமே, இவ உதைக்கவே மாட்டேங்கிறா. உங்க அண்ணன்கிட்ட சொன்னா எழுந்து வெளிய போயிடறார். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ வந்து அவ காலையே பாப்ப. ஒண்ணும் சொல்லாம காப்பி குடிச்சிட்டுப் போயிடுவ. டாக்டரே ஒண்ணும் சொல்லல, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு அத நம்பித்தான் ஒவ்வொரு வாரமும் தூங்கினேன்.”

நான் அழ ஆரம்பித்தேன். வெட்கமாக இருந்தது. அழ வேண்டியவர் அழாமல் இருந்தார்.

“அழாத. எத்தன மணிக்குக் கூட்டிட்டு வரணும், அத சொல்லு.”