தானாக விழுந்த பலா

றஹீமா வீட்டு வளவின் பின்வேலியோரம் நின்ற பலா, எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் தலை முறிந்து, நின்ற நிலையிலேயே பட்டுப்போயிருந்தது. இப்போது இரண்டு வருடம் கழித்து மகள் றாஹிலாவுக்குக் கல்யாணம். இன்னும் பத்தே நாள். மார்கழி மழையோ விட்டபாடில்லை. கல்முனைச் சந்தை விறகைப் பிழிந்தால் தண்ணீர் வடியும். அதில் சோறு ஆக்கினால் புகை நாறும், அக்கரைப்பற்று மாப்பிள்ளை வீட்டார் அதைச் சாகும்வரை சொல்லிச் சிரிப்பார்கள். வாப்பா இல்லாத பிள்ளையின் கல்யாணம் இப்படித்தான் என்று ஒருத்தி வாய் திறந்தாலும் றஹீமாவால் தாங்க முடியாது.

வேறு மரமென்றால் கோடரியை எடுத்து வெட்டிவிடலாம். பலாவுக்கு அப்படி இல்லை. சொந்த வளவில் நின்றாலும், செத்தே போனாலும், வெட்டுவதற்குப் பெர்மிட் வேண்டும். போன மாதம்தான் பக்கத்துத் தெரு முத்தலிப் பெர்மிட் இல்லாமல் பலா வெட்டி, பொலிசில் அரைநாள் குந்தியிருந்துவிட்டு வந்தார்.

ஆகவே ஊருக்கு அரசாங்க அதிகாரியான விதானையார் பூபாலசிங்கத்திடம் மனுக் கொடுத்தாள். காரைதீவிலிருந்து சைக்கிளில் வரும் நல்ல மனிதர்தான். ஆனால் கடதாசியில் எழுதியது அவருக்கு வேதம். மரம் பார்க்க வந்த அன்று தூறல். சைக்கிளை விட்டு இறங்கச் சோம்பல்பட்டு, ஒரு காலை ஊன்றியபடியே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பச்சை தெரிந்தது. ‘பச்சை மரம்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பச்சை, றஹீமா மரத்தில் ஏற்றிவிட்டிருந்த பாகற்கொடி.

மறுநாள் அவள் கொடியைப் பிடுங்கி, காயோடு பெட்டியில் போட்டு அவருடைய கந்தோர் மேசைக்கே கொண்டுபோனாள்.

“இந்தாங்க விதானையார், நீங்க பாத்த பச்ச. பாகக்காய் காய்ச்ச பலாவ எங்கயும் கண்டிருக்கீங்களா?”

விதானையார் பெட்டியையும் பார்த்தார், கூரையையும் பார்த்தார். “எழுதினது மேலிடத்துக்குப் போயிட்டுது புள்ள. திருப்பிப் பாக்க ஒரு மாசம் செல்லும்.”

“அப்ப கலியாணத்துக்கு உங்கட கடதாசியையா எரிக்கிற?”

“கோவிக்காத புள்ள. வெட்டத்தான் பெர்மிட். தானா விழுந்தா ஒண்டும் தேவல்ல. உன்ட வளவுக்குள்ள விழுந்தா உன்ட விறகு. வெளிய விழுந்தா அரசாங்கக் காணி. சுள்ளி பொறுக்கலாம், கோடரி வைக்கேலா.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிய றஹீமா, ‘தானா விழுந்தா’ என்ற சொல்லை வழிநெடுக மென்றுகொண்டே வந்தாள்.

கல்யாண வீடென்றால் சோறாக்கும் பெரிய கிடாரம் ஏற்ற அடுப்புக் குழி வெட்டுவது வழக்கம். தம்பி காலிதீன் மண்வெட்டியோடு வந்து குசினிப் பக்கம் நின்றான்.

“அங்க இல்லடா. இஞ்ச வெட்டு.”

“ராத்தா, இது பலாட வேரடி!”

“ஓம். நிழலா இருக்கும்.”

இலையே இல்லாத மரத்தின் நிழலில் காலிதீன் இடுப்பளவு குழி வெட்டினான். வேரில் ஒரு வெட்டும் படாமல் றஹீமா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள். வேரை வெட்டினால் மரத்தை வெட்டியதாகிவிடுமே! குழியில் தேங்கி வேரடி மண்ணைக் கரைக்கிற மிச்ச வேலையை மழை பார்த்துக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை பலா விழுந்தது. ஆனால் அவள் போட்ட கணக்குப்படி வளவுக்குள் விழவில்லை. வேலியை முறித்துக்கொண்டு வெளியே, அரசாங்கத்து வாய்க்கால் ரோட்டுக்குக் குறுக்கே போய்ப் படுத்துக்கொண்டது. றஹீமா தலையில் கைவைத்துக் குந்திவிட்டாள். மகளின் கல்யாணச் சோறே அந்தச் சேற்றில் கொட்டிக் கிடப்பதுபோல அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அழுது முடிப்பதற்குள், மாவடிப்பள்ளி வயலுக்குப் பசளை ஏற்றிப்போன ஏழு வண்டில்கள் மரத்துக்கு அங்கால் போக முடியாமல் வரிசையாக நின்றுவிட்டன. வண்டில்காரர்கள் போட்ட சத்தத்தில் விதானையார் நனைந்து நனைந்து ஓடிவந்தார்.

“புள்ள, கெதியா இத வெட்டி எடு!”

றஹீமா கண்ணைத் துடைத்தாள். அழுகை போன இடம் தெரியவில்லை. “அல்லாவே! அரசாங்கக் காணியில கோடரி வைக்கவா? முத்தலிப் காக்கா குந்தின இடத்துல எனக்குக் குந்தேலா. வேணுமெண்டா சுள்ளி பொறுக்கிறன்.” சொன்னபடியே விரல்நீளச் சுள்ளி ஒன்றை எடுத்து மடியில் கட்டினாள்.

வண்டில்காரர்கள் விதானையாரை முறைத்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் பசளை மூட்டையின் மேலேயே கடதாசியை வைத்து எழுதினார்: ‘தானாக விழுந்து ரோட்டை மறித்துள்ள பட்ட பலாமரத்தை வெட்டி அகற்றுமாறு றஹீமா என்பவருக்கு இத்தால் அறிவிக்கப்படுகிறது.’

“விறகு ஆருக்கெண்டு போடல்லயே?”

பல்லைக் கடித்துக்கொண்டு, ‘விறகையும் அவரே எடுத்துச் செல்லலாம்’ என்று இன்னொரு வரி சேர்த்தார்.

அவசரத்தில் நின்ற வண்டில்காரர்களே கோடரி பிடித்தார்கள். நனைந்த பட்டைக்குள்ளே மரம் எலும்பாகக் காய்ந்திருந்தது. பகலுக்குள் விறகெல்லாம் றஹீமாவின் குசினித் தாழ்வாரத்தில் அடுக்கியாயிற்று.

கல்யாணச் சோற்றில் புகை மணம் துளியும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்து றஹீமாவுக்கு நெஞ்சு நிறைந்தது. விதானையாரும் வந்திருந்தார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக் குழியைப் பார்த்தார், முறிந்த வேலியைப் பார்த்தார், திரும்பவும் குழியைப் பார்த்தார்.

“ஏன் புள்ள, குசினி அங்க கிடக்க, அடுப்ப ஏன் இஞ்ச வெட்டின?”

“குழி வெட்டவும் பெர்மிட் வேணுமா விதானையார்?” என்று கேட்டபடி, றஹீமா அவருடைய தட்டில் அச்சாறை அள்ளி வைத்தாள். “தின்னுங்க, நீங்க பாத்த பச்சதான்.”

பாகற்காய் அச்சாறு. விதானையார் ஒரு துண்டும் விடாமல் தின்றார்.