மயிலம்மாள் சிரித்தாள்

சேந்தமங்கலத்துக்கு வெளியே, கொல்லிமலை அடிவாரத்துக்குப் போகும் சாலையோரத்தில் மாரியப்பன் டூரிங் கொட்டகை போட்டிருந்தார். போர் முடிந்து வந்த முதல் கோடை அது. தமிழ்ப் படத்துக்கு முன்னால் ஓர் அமெரிக்கச் செய்திப்படத்தை ஓட்டுவார்கள். சண்டைக் காலத்தில் சர்க்கார் கட்டாயப்படுத்தி ஆரம்பித்த வழக்கம், சண்டை ஓய்ந்த பிறகும் விட்டுப்போகவில்லை. முன்பு பீரங்கியும் ஆகாய விமானமுமாக வந்த படங்களில் இப்போது அமெரிக்கர்களின் வீடும் அடுப்படியும் கடைத்தெருவும் வந்தன. பேச்செல்லாம் இங்கிலீஷ் என்பதால் மாரியப்பன் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு அர்த்தநாரியைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்துவார்.

அர்த்தநாரி ஊமைப்படக் காலத்தில் பெயர் வாங்கியவர். கையில் தகரக் குழலைப் பிடித்துக்கொண்டு, திரையில் குதிரை ஏறிப் பாய்கிற வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் தமிழில் குரல் கொடுத்தவர். படங்கள் தாமே பேச ஆரம்பித்ததும் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. போஸ்டர் ஒட்டினார், வாசலில் டிக்கெட் கிழித்தார். செய்திப்படங்கள் வந்தபோது பழைய குழலைப் புளி போட்டுத் தேய்த்து மறுபடியும் கையில் எடுத்தார். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் புரியும். புரியாத இடத்தை அவரே நிரப்பிக்கொள்வார். அமெரிக்காவை அவர் கண்ணால் கண்டதில்லை என்றாலும் இத்தனை காலம் அதைப் பற்றியே பேசிப் பேசி, தன் சொந்த ஊர் மாதிரி அதன்மேல் ஒரு பிரியம் வைத்திருந்தார்.

அந்த வாரம் வந்த படத்தில் ஓர் அமெரிக்கக் குடும்பம் காலையில் எழுவதிலிருந்து காட்டினார்கள். வீட்டுக்காரி ஆளுயரப் பெட்டி ஒன்றைத் திறந்து பால் எடுத்தாள்.

"இது ஐஸ் பெட்டிங்க. இன்னிக்கு வெச்ச கொழம்பு இதுக்குள்ள நாளைக்கும் கெடாதுங்க!" என்றார் அர்த்தநாரி குழலில்.

"பழங்கொழம்பத் திங்கறதுக்கா இத்தாம் பெரிய பெட்டி?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கொட்டகை சிரித்தது.

பிறகு வீட்டுக்காரன் தன் காரில் ஏறித் தொழிற்சாலைக்குப் போனான். பிள்ளைகள் கட்டையால் பந்தடித்தார்கள். சர்க்கரைக்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அதைப் பார்த்ததும் ரேஷன் கடையில் அன்று காலைதான் நின்றுவிட்டு வந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். கடைசியில் ஒரு ரயில்நிலையம். சண்டையிலிருந்து திரும்பும் பட்டாளத்துக்காரர்களைப் பெண்டு பிள்ளைகள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்களுக்குப் பின்னால், தலையில் ஏதோ தொப்பி அணிந்த ஒரு கறுத்த மனிதர் இரண்டு கையிலும் பெட்டி தூக்கிக்கொண்டு போனார். கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுவார்.

"அது ஆருங்க, நம்மாளாட்டம்?" என்று ஒருவர் கேட்டார்.

"நம்மாளேதானுங்க. இங்கிருந்து கப்பலேறிப் போன கூலிக்காரரு. நம்ம சனம் எங்கதான் போகலை!" என்றார் அர்த்தநாரி. ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது. தினமும் அப்படித்தான் சொல்லிவந்தார்.

கொட்டகையின் தரைப்பகுதியில் நடுக்கம்பத்திலிருந்து பக்கத்துப் படுதாவரை ஒரு கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு அப்பால் சேரிக்காரர்கள் ஆணும் பெண்ணுமாக உட்காருவார்கள். கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதான். அந்தக் கயிற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கம்பத்தைப் பற்றிப் பேசாதது போல.

அந்த வாரத்தில் ஒரு நாள், அர்த்தநாரி அதைச் சொன்னதும் கயிற்றுக்கு அப்பால் ஒருவன் எழுந்து நின்றான். "இல்லீங்க சாமி. அவிய அந்த நாட்டுக்காரங்களேதானுங்க."

அவன் பெயர் வீரன். பட்டாளத்தில் சேர்ந்து, அஸ்ஸாம் மலைகளில் அமெரிக்கர்கள் பர்மாவுக்குப் போட்ட ரோட்டில் மண் வெட்டிவிட்டு, அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி மயிலம்மாள் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "உக்காருடா!" என்று யாரோ அதட்டினார்கள். தமிழ்ப் படம் ஆரம்பித்துவிட்டது.

அர்த்தநாரிக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. வெட்கத்தால் அல்ல. இத்தனை வருஷத்தில் ஓர் அமெரிக்கனைப் பக்கத்தில் நின்று பார்த்த ஆளை அவர் சந்தித்ததே இல்லை. விடிந்ததும் வீரனைத் தேடிக்கொண்டு போனார். வீரன் கந்தப்பன் தோட்டத்தில் கிணறு வெட்டும் கூலியாக இருந்தான். கந்தப்பன் ஊரில் பெரிய நிலக்காரர். கொட்டகையில் நாற்காலி போட்டு முன்னால் உட்காருகிறவர். அர்த்தநாரி கிணற்று மேட்டில் வேலையாட்கள் கஞ்சி குடிக்க ஏறி வரும்வரை காத்திருந்தார்.

"ஏன் வீரா, அவங்ககிட்ட நீ பேசியிருக்கியா?"

"பேசாம என்னங்க? அவிய லாரி ஓட்டுவாங்க, நாங்க மண்ணு வெட்டுவோம். சாமுவேலுன்னு ஒருத்தருங்க. நம்ம பாதிரியார் ஆசுபத்திரியில இருக்கறவர் பேருதான். நெறம் என்னையவிடக் கறுப்பு. எனக்குச் சிரிப்பாப் போச்சு. அமெரிக்காக்காரன்னா வெள்ளையாத்தான் இருப்பாங்கன்னு நெனச்சுட்டிருந்தேன்."

"எப்படிப் பேசிக்கிட்டீங்க?"

"பாதி கையால, பாதி இந்துஸ்தானில. அவரு ஊர்ல பருத்தி வெள்ளாமையாம். நெலம் அடுத்தவிய நெலம். அவிய அப்பன் பண்ணையத்துல ஏர் ஓட்டறவரு." வீரன் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தான். "ரோட்டு வேலையில முக்காவாசி அவிய ஆளுங்கதானுங்க. ஆனா கூடாரம் வேற, சாப்பாட்டுக் கொட்டாய் வேற. வெள்ளைக்கார சிப்பாயி இருக்கற பக்கம் இவிய போகக்கூடாது."

அர்த்தநாரி ஐஸ் பெட்டியைப் பற்றியும் காரைப் பற்றியும் கேட்க வந்தவர். அந்தக் கேள்விகளை விட்டுவிட்டார்.

"அங்கயும் சினிமா போடுவாங்க சாமி," என்றான் வீரன். "காட்டுக்குள்ள வேட்டி கட்டுன மாதிரித் துணி. முன்னால வெள்ளைக்காரங்க, பின்னால சாமுவேல் ஆளுங்க. நாங்க துணிக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கமிருந்தாலும் தெரியுங்க, எல்லாம் எடம் வலமா மாறித் தெரியும், அவ்வளவுதான். அமெரிக்காவுல எல்லாரும் எடது கையிலதான் சாப்புடுவாங்க, எடது கையிலதான் எழுதுவாங்கன்னு ரொம்ப நாள் நெனச்சுட்டிருந்தேன்."

அர்த்தநாரி சிரித்துவிட்டார். வீரனும் சிரித்தான்.

"ஒரு நாள் சாமுவேல் எந்திரிச்சு வந்து எங்களோட உக்காந்துக்கிட்டாருங்க. 'எங்கூர்ல கொட்டகைக்கு முன்வாசல்ல நாங்க போக முடியாது. வெளிப்பக்கமா ஒரு படி இருக்கும். அதுல ஏறி மேல, கூரைக்குப் பக்கத்துல உக்காரோணும். இங்கயாவது தரையில உக்காந்து பாக்கறேன்'ன்னாரு. படம் முடியறவரைக்கும் எங்ககூடத்தான் இருந்தாரு. நான் எங்கூர்க் கொட்டகையப் பத்தி அவருகிட்டச் சொல்லலீங்க. சொல்லியிருக்கலாம். வாய் வரலை."

அர்த்தநாரி அவர்களுடைய தெருவையும் ரயிலையும் பற்றி இன்னும் துருவிக் கேட்டார். போகும்போது, "இன்னிக்கு வருவியா?" என்று மட்டும் கேட்டார்.

"வாரேனுங்க. அவளுக்குப் படம்னா உசிரு."

அன்று மாலை முதல் ஆட்டத்துக்கு நல்ல கூட்டம். ஐஸ் பெட்டிக்கு ஜனங்கள் சிரித்தார்கள், சர்க்கரை வரிசைக்கு ஆரவாரம் செய்தார்கள். ரயில்நிலையம் வந்தது. பெட்டி தூக்குகிறவர் வந்தார். அர்த்தநாரி குழலை உயர்த்தினார்.

"பெரியோர்களே, நான் இத்தனை நாள் தப்பாச் சொல்லிட்டேனுங்க. இவரு அந்த நாட்டுக்காரரே. பல தலைமுறையா அங்கேயே பொறந்து, பருத்தி வெளைய வெச்சவங்க. இவரு மாதிரி ஆளுங்களுக்கு அங்க தனித் தெரு. ரயில்ல தனிப் பெட்டி. சினிமாக் கொட்டகையில முன்வாசல் கெடையாதுங்க. காசு குடுத்தாலும் வெளிப்பக்கப் படியேறித் தனியாத்தான் உக்காரோணும்."

கொட்டகையில் நாலா பக்கமும் உச்சுக்கொட்டும் சத்தம் எழுந்தது.

"அடப் பாவிகளா! மனுசங்கதானே அவியளும்?" என்றாள் ஒரு பெண்.

நாற்காலியில் இருந்த கந்தப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வெள்ளைக்காரனுக்கு ஈவு எரக்கமே கெடையாது. காசு வாங்கிக்கிட்டுத் தனியா உக்கார வெக்கறதாம்! என்ன அக்கிரமம்!"

அப்போது மயிலம்மாள் சிரித்தாள்.

கயிற்றுக்கு அப்பாலிருந்து வந்தது அந்தச் சிரிப்பு. கேலிக்காகச் சிரித்தது போல இல்லை. அடக்கப் பார்த்தும் முடியாமல் பொங்கிவிட்ட சிரிப்பு. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அதற்கு மேலும் வந்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கும் அவளுக்கும் நடுவில் கயிறு இருந்தது. உச்சுக்கொட்டிய வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. கந்தப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய பிடரி மட்டும் விறைத்து நின்றது.

ஆட்டம் முடிந்து போகிற வழியில் வீரன் கேட்டான்: "ஏம் புள்ள சிரிச்ச?"

"சிரிக்கோணும்னு சிரிக்கலீங்க. நீங்க அந்தச் சாமுவேல் கதையச் சொன்னப்ப எனக்கு அழுகதான் வந்துச்சு. நம்ம பண்ணையக்காரரு நாற்காலியில உக்காந்துக்கிட்டு அக்கிரமம்ங்கறாரு..." மேலே சொல்ல முடியாமல் மறுபடியும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கண்ணில் நீர் கோத்திருந்தது. "நாளைக்கு உங்க வேலைக்கு ஒண்ணும் வராதுங்களே?"

வந்தது. காலையில் கந்தப்பனின் மேஸ்திரி கிணற்று மேட்டிலேயே வீரனை நிறுத்திவிட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை. வீரன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான்.

கொட்டகையில் மாரியப்பன் அர்த்தநாரியைப் பிடித்துக்கொண்டார். "உம்மை ஆரு நெசத்தைச் சொல்லச் சொன்னது? கூலிக்காரன்னு சொல்லிக்கிட்டிருந்தீரே, அதையே சொல்லிட்டுப் போமே. கந்தப்பன் நெலத்துலதான் கொட்டகை நிக்குது, தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"அப்புறம்?"

"முன்ன தெரியாமச் சொன்னேனுங்க. இப்பத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்ல முடியலை."

மாரியப்பன் கெட்டவர் அல்ல. நெடுநாள் கூட இருந்த ஆளை உடனே போகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "அந்த எடம் வந்தாப் பேசாம இரும். அது போதும்," என்றார்.

அன்று மாலை வீரனும் மயிலம்மாளும் வருவார்கள் என்று அர்த்தநாரி எதிர்பார்க்கவில்லை. வந்தார்கள். வேலை போனது ஊருக்கே தெரிந்திருந்தது. அவர்கள் பழைய இடத்தில் போய் உட்கார்ந்ததைப் பலரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். படம் ஆரம்பித்தது. அர்த்தநாரி ஐஸ் பெட்டியைச் சொன்னார், காரைச் சொன்னார். குரலில் பழைய உற்சாகம் இல்லை. ரயில்நிலையம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் திரைக்குப் பக்கத்திலிருந்து நடந்தார். தரையில் இருந்தவர்கள் கால்களை ஒதுக்கி வழி விட்டார்கள். கயிற்றைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போய், வீரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பெட்டி தூக்குகிறவர் திரையில் வந்து போனார். குழல் அர்த்தநாரியின் மடியில் கிடந்தது. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாரியப்பன் சொன்னபடிதான் நடந்துகொண்டார். ஆனால் கொட்டகை முழுவதும் திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது.

அதன்பிறகு மாரியப்பனால் அவரை வைத்துக்கொள்ள முடியவில்லை. மறுநாள் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். செய்திப்படத்தையும் நிறுத்திவிட்டார். அர்த்தநாரி திருச்செங்கோட்டில் தங்கை வீட்டுக்குப் போய், தேர்த்திருவிழாவில் மருந்து விற்பவர்களுக்கு விளம்பரம் கூவிக் காலம் தள்ளினார். வீரனுக்கு அஸ்ஸாமில் சாமுவேலின் லாரியோடு பழகியது கைகொடுத்தது. நாமக்கல்லில் பட்டாளத்து லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்தவர், அந்த வண்டியின் குணம் தெரிந்த ஆள் என்று அவனைக் கிளீனராகச் சேர்த்துக்கொண்டார். வாரத்தில் பாதி நாள் சேலம் ரோட்டில் இருந்தான்.

அடுத்த வருஷம் கொட்டகை மறுபடி வந்தது. இந்தத் தடவை மாரியப்பன் சாலையின் எதிர்ப்பக்கம், வேறொருவர் நிலத்தில் போட்டிருந்தார். கயிறு கட்டவில்லை. தீண்டாமைக்கு எதிரான சட்டத்துக்குப் பயந்தாரா, தொல்லை எதற்கு என்று விட்டாரா, அவருக்கே மனசு கேட்கவில்லையா என்று யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை. ஆனால் கயிறு இல்லாவிட்டாலும் ஜனங்கள் அவரவர் பழைய இடத்தில்தான் போய் உட்கார்ந்தார்கள். நடுவில் ஆள் படுக்கிற அகலத்துக்குத் தரை வெறுமையாகக் கிடந்தது.

வீரன் லாரியோடு போயிருந்ததால் மயிலம்மாள் தனியாக வந்தாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அவள் தெருப் பெண்கள் ஓரத்திலிருந்து கையாட்டிக் கூப்பிட்டார்கள். அவள் அந்த வெற்றுத் தரையைத் தாண்டிப் போய், ஊர்ப் பெண்கள் இருந்த பக்கத்தில் நடுவாந்திரமாக உட்கார்ந்தாள். இடதுபுறம் இருந்தவள் புடவையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தாள். வலதுபுறம் இருந்தவள் நகரலாமா என்று யோசித்தாள். குழந்தை மடியில் தூங்கிவிட்டதால் அப்படியே இருந்தாள்.

விளக்கை அணைத்தார்கள். படம் ஆரம்பித்துச் சற்று நேரம் கழித்துப் பின்னாலிருந்து யாரோ அவள் முதுகைத் தட்டினார்கள். மயிலம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"உங் கொண்டை மறைக்குது," என்றாள் பின்னால் இருந்தவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் தள்ளி உக்காரு ஆத்தா."