நின்று நின்று ஓடிய ரயில்

முருகானந்தத்துக்குப் பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: ‘போதும்.’ பசித்தாலும் போதும், தண்ணீர் வேண்டுமென்றாலும் போதும், ஜன்னல் கம்பியில் குரங்கு வந்து உட்கார்ந்தாலும் போதும். “உள்ளுக்குள்ள அவர் எல்லாம் யோசிக்கிறார்மா. வாய்க்கு வரும்போது எல்லாமே அந்த ஒரு வார்த்தையா மாறிடுது” என்று மதுரை டாக்டர் அவர் மனைவி மணிமேகலையிடம் விளக்கியிருந்தார். பேச்சு மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்.

கணவரைக் கொடைக்கானல் மலையிலுள்ள செண்பகனூர் வீட்டுக்கு அவள் கூட்டி வந்தபோது ஐப்பசி மழை பிடித்திருந்தது. முதல் வாரம் ஆட்கள் ஆர்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. பகல் சாப்பாடு முடிவதற்குள் பனிமூட்டம் ஏறி வந்து எதிர்வீட்டை மறைத்துவிடும். டவுன் பஸ் போகும் சத்தம் மட்டும் கேட்கும். அவரைத் துடைத்து, உடுத்தி, ஊட்டிவிட்டு, நாற்காலியில் சாய்த்து வைத்த பிறகு அவளுக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆரம்பத்தில் அவரிடம் ஏதாவது பேசிக்கொண்டிருந்தாள். போகப்போக அவள் பேச்சும் குறைந்துவிட்டது.

அதற்கு முன்பும் அது பேச்சுள்ள வீடு இல்லை. டெலிபோன் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றதும் முருகானந்தம் பின்னறைக்குள் போனவர்தான். அறையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மேஜை போட்டார். மேஜையைச் சுற்றித் தண்டவாளம் பதித்தார். அட்டையிலும் பிளாஸ்டர் மாவிலும் மலை செய்து அதைக் குடைந்தார். ரயில் ஏறி வராத இந்த மலையில், கையகல நீல எஞ்சின் ஒன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு அங்கே சுற்றிச் சுற்றி வந்தது. கதவு சாத்தியிருக்கும். மணிமேகலை முன்னறையில் டிவியைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். காபி கொடுக்கப் போனால் டம்ளரை வாங்கிக்கொண்டு மறுபடி கதவைச் சாத்துவார்.

ஒருநாள் மழை விட்டிருந்தது. இடது கையை நீட்டி அவர் அந்தக் கதவையே காட்டிக்கொண்டிருந்தார். “போதும்… போதும்…”

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். ஈரமும் பூஞ்சையும் முகத்தில் அடித்தன. பிளக்கைப் போட்டு, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி இருந்த குமிழைத் திருகினாள். எஞ்சினின் விளக்கு மினுக்கியது. ஒரு குலுக்கல், கொஞ்சம் நகர்வு, நின்றுவிட்டது. விரலால் தள்ளினாள். கொஞ்சம் ஓடி மறுபடி நின்றது.

அவர் முகம் இருண்டது.

சாயங்காலம் ஓசூரிலிருந்த மகன் பிரசாந்த் போனில் வந்தான். அவனிடம் கேட்டாள்.

“அத யாரும்மா ரிப்பேர் பண்ணுவா? பேசாம வித்துடலாம். அப்பா கட்டிலை அந்த ரூமுக்கு மாத்திடுங்க. உங்களுக்கும் ஈசி.”

“அவரு ஓடுறதப் பாக்கணும்ங்கிறாருடா.”

“அவரு அப்படிச் சொன்னாரா?”

அவள் போனை வைத்தாள்.

மறுநாள் தானே இறங்கிவிட்டாள். துருவோ கறையோ, எதற்கும் அந்த வீட்டில் யூகலிப்டஸ் தைலம்தான். துணியில் தைலத்தைத் தொட்டுத் தண்டவாளம் முழுக்கத் தேய்த்தாள். எஞ்சின் ஒரு சுற்று வழுக்கிக்கொண்டு ஓடியது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் திணறியது. பிறகு அசையவே இல்லை. தைலப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுப்புச் சேறாகியிருந்தது. சக்கரங்களிலும் அதே சேறு. முருகானந்தம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று ராத்திரி அவருக்கு ஊட்டும்போது அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு ரம்யாவை அவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, பஸ் ஏறிக் கொடைக்கானல் பஜாருக்குப் போனாள். மருந்துக்கடை ரஷாத் அவளுக்கு வழக்கமான ஆள்.

“வாங்கக்கா. அண்ணன் எப்படி இருக்காங்க?”

“அப்படியேதான் இருக்காரு தம்பி. நல்ல ஸ்பிரிட்டு இருந்தாக் குடுங்க. பிசுக்கு எடுக்கிறதுக்கு.”

“புண்ணு ஏதும் ஆயிருச்சாக்கா? படுக்கைப் புண்ணா?”

“இல்ல தம்பி, ரயிலுக்கு.”

ரஷாத் ஒரு நிமிடம் விழித்தான். அவள் விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. சானிடைசரை ஒதுக்கி வைத்துவிட்டு, உள்ளேயிருந்து வேறு பாட்டில் எடுத்து வந்தான். “சானிடைசர்ல பசை இருக்கும்க்கா, மறுபடி ஒட்டும். இது சுத்தமான ஸ்பிரிட்டு. அடுப்புப் பக்கம் கொண்டு போயிராதீங்க. ஜன்னலத் திறந்து வச்சுக்கங்க.”

அத்தனை நாளில் மருந்தைத் தவிர வேறொன்றைப் பற்றி அவளிடம் வெளியாள் ஒருவர் பேசியது அன்றைக்குத்தான். பஸ்ஸில் வரும்போது அதை நினைத்துக்கொண்டே வந்தாள்.

பழைய வேட்டியைக் கிழித்தாள். துணியைக் கட்டைவிரலில் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, தண்டவாளத்தின் மேல் இழுத்தாள். துணியில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழுந்தன. துணியைத் திருப்பினாள், மறுபடியும் கோடு. கோடு விழாமல் போகும்வரை மேஜையைச் சுற்றி நடந்தாள். மலையின் குகைக்குள் தோள்வரை கையை விட்டுத் துடைத்தாள். போனில் யாரோ இந்தியில் பேசிய வீடியோவைப் பார்த்து, ஈரத்துணியைத் தண்டவாளத்தில் விரித்து, எஞ்சினின் பாதிச் சக்கரங்களை அதன்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு குமிழைத் திருகினாள். சக்கரங்கள் துணியில் சுழன்று தங்கள் அழுக்கைத் தாங்களே கக்கின. முருகானந்தம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் ஓடியது. ஆனால் மேஜையோரத்து அட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் போனதும் செத்தது. தள்ளிவிட்டால் மீதியெல்லாம் ஓடும், அதே இடம் வந்ததும் சாகும். அங்கே எத்தனை துடைத்தும் பலனில்லை.

“போதும்” என்றார் அவர். கை தரையைக் காட்டியது.

“ஒண்ணுக்கு வருதா?” என்று மூத்திரப் பாட்டிலை எடுத்து வந்தாள். அதைத் தட்டிவிட்டார். “போதும்! போதும்!” கை மறுபடி கீழே காட்டியது. அவள் குனிந்து பார்த்தாள். மேஜைக்கடியில் ஒயர்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கின.

டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே தவழ்ந்தாள். அங்கே ஒரு பாய் விரித்திருந்தது. அதில் ஒரு தலையணை. காணவில்லையென்று வீடு முழுக்க அவள் தேடிய தலையணை. பாயில் படுத்துத்தான் அவர் ஒயர் கட்டியிருக்க வேண்டும். சில பகல்களில் தூங்கியும் இருக்க வேண்டும். அவளும் மல்லாந்து படுத்தாள்.

“நான் அங்க ஒத்தையில டிவியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க இங்கன படுத்துக் கெடந்திருக்கீங்க” என்றாள் பலகையைப் பார்த்து. “ஒருநாளாவது ‘மேகல, வந்து பாரு’ன்னு கூப்புட்டிருக்கீங்களா? எனக்கு அப்படி என்ன சோலி இருந்துச்சு? வந்திருக்க மாட்டேனா?”

மேலேயிருந்து, மெல்ல, “போதும்.”

வேறு எதையோ சொல்ல வந்து அது இப்படி மாறியிருக்கலாம். இதையே சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டார்ச்சைப் பிடித்தாள். ஒரு திருகாணியிலிருந்து சிவப்புக் கம்பி கழன்று தொங்கியது. ஈரத்தில் அதன் நுனியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. நுனியைச் சுரண்டி, இடத்தில் செருகித் திருகாணியை இறுக்கினாள்.

வெளியே வந்து எஞ்சினை ஓடவிட்டாள். ஸ்டேஷனுக்குப் பின்னால் போய், நிற்காமல், அந்தப் பக்கம் வெளியே வந்தது. முருகானந்தத்தின் வாய் கோணலாக விரிந்தது. அவள் குமிழை அவர் இடது கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள்.

அன்றிலிருந்து, பனிமூட்டம் ஏறுவதற்கு முன் தண்டவாளத்தைத் துடைப்பது அவள் வேலையாயிற்று. ஒருநாள் விட்டாலும் ஈரம் தன் வேலையைக் காட்டிவிடும். துடைத்துவிட்டு மேஜையின் மறுபக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருவாள். அவர் ரயிலைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பதில்லை. பேச்சு திரும்பவில்லை. பிரசாந்த் போன் செய்தால், “நல்லா இருக்கோம்” என்பாள்.

தை பிறந்து சில நாள் கழித்து, ரயில் அவள் உட்கார்ந்திருந்த பக்கம் வந்ததும் நின்றது. ஈரம் மறுபடி பிடித்துவிட்டதோ என்று துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எஞ்சினின் மேல் குனிந்தவள் தற்செயலாக அவர் கையைப் பார்த்தாள். அவர் குமிழைத் திருப்பி அணைத்திருந்தார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவர் மெதுவாகக் குமிழைத் திருகினார். ரயில் நகர்ந்து குகைக்குள் போனது. அது திரும்பி வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு மணிமேகலை உட்கார்ந்திருந்தாள்.