நாற்பத்தேழாம் டவர்

வண்டியின் பின் இருக்கையில் இரண்டு போன்கள் நாள் முழுவதும் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டிருக்கும். தொண்ணூறு விநாடி இணைப்பு, பதினைந்து விநாடி இடைவெளி, மறுபடி அழைப்பு. இந்த முனையிலும் பேச்சு இருக்காது, அந்த முனையிலும் இருக்காது. எந்தத் தெருவில் இணைப்பு அறுகிறது என்று மடிக்கணினி குறித்துக்கொள்ளும். நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு வருடமாக இதுதான் வேலை. வாயை மூடிக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நீதான் என்பாள் தங்கை.

வண்டி ஓட்டுபவரை அலுவலகத்தில் எல்லாரும் பிரேக் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை அவரோடு ஏறியவர்கள் காரணம் கேட்பதில்லை.

எங்கள் செல்போன் நிறுவனத்தின் புதிய சேவை தொடங்க ஒரே ஒரு நாள் பாக்கி இருந்தது. மூன்று பேண்டுகளை, அதாவது அலைவரிசைகளை, சேர்த்துப் பழையதைவிடப் பத்து மடங்கு வேகம் என்று பேருந்துகளின் முதுகில் எல்லாம் எழுதிவிட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஐம்பத்திரண்டு டவர்களில் பழைய சேவையை அணைத்து, அது பிடித்து வைத்திருந்த பேண்டையும் புதியதற்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பழையது கிடையாது. ஆகையால் புதியது எங்கெல்லாம் எட்டுகிறது என்று முன்னதாகவே அளந்து, டவர் டவராகக் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தொன்பது வரை என் பொறுப்பு. அளக்கும் போனைப் புதிய சேவையில் மட்டும் நிற்கும்படி பூட்டிவிட்டுத்தான் அளப்போம். பூட்டாமல் விட்டால் அது தன் பாட்டுக்கு எது பலமாகக் கிடைக்கிறதோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

என் கையெழுத்துகள் எல்லாம் முடிந்திருந்தன. கடைசியாக ஒரு தெருவை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிற்பகல் வெயிலில் போன் சூடேறித் திரை மங்கியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

"அன்னைக்கு ஓட்டல்லயும் இப்படித்தான கொதிச்சுது?" என்றார் பிரேக் அண்ணன், கண்ணாடியில் என்னைப் பார்த்து. "படிக்கட்டுல உக்காந்து ஊதிட்டு இருந்தீங்களே. நான்கூட குழந்தைக்கு ஜுரமான்னு கேட்டேன்."

நான் சிரிக்கவில்லை. போன் உயிர் பெற்றுவிட்டது. திரையின் மேல் ஓரத்தில் பூட்டின் அடையாளம் இல்லை. அணைத்துப் போட்டால் பூட்டு போய்விடும், மறுபடி போட வேண்டும். இது எனக்குத் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓட்டல் படிக்கட்டில் அன்று மறுபடி பூட்டினேனா?

மடிக்கணினியில், அந்த ஓட்டலுக்குச் சிக்னல் கொடுக்கும் நாற்பத்தேழாம் டவரின் கோப்பைத் திறந்தேன். வரவேற்பறை, முதல் தளம், இரண்டாம் தளம், எல்லாம் புதிய சேவை. பிறகு நான்கு நிமிட இடைவெளி. அதற்குப் பிறகு அடித்தளம், துணி வெளுக்கும் கூடம், வரிசையாகப் பச்சை. பச்சைக்குப் பக்கத்தில் பேண்ட் எண். எல்லா வரியிலும் பழைய எண்.

மூன்று வாரத்துக்கு முன்பு நான் அளந்தது புதியதை அல்ல. நாளை சாகப்போகிற ஒன்றை அளந்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"என்ன தம்பி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு? வாயைத் திறந்தா வரி போடறாங்களா, ஏதாவது சொல்லுங்களேன்."

"ஆபீசுக்குப் போங்கண்ணே."

"போறேன். இந்தத் தெருவை முடிக்க வேண்டாமா?"

அந்தக் கூடத்தில் என் தங்கை வேலை செய்கிறாள். ஓட்டலின் விரிப்புகளும் துண்டுகளும் அங்கேதான் வெளுக்கப்படுகின்றன. அதற்கு முன் அதே தெருவில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தாள், கடையை மூடிவிட்டார்கள். ஓட்டலில் கூப்பிட்டபோது அவள் சம்பளம் கேட்கவில்லை, நேரம் கேட்கவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "கீழ போன் வருமா?" அவளுடைய பெண்ணுக்கு ஆறு வயது, வலிப்பு உண்டு. வந்தால் மூக்கில் மருந்து அடிக்க வேண்டும். வீட்டு ஆள் வந்துதான் அடிக்க வேண்டும் என்பது பள்ளியின் விதி. குழந்தையின் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார், கரையில் இருப்பது வருடத்துக்கு இரண்டு மாதம். இந்த வருடம் பள்ளியிலிருந்து நான்கு தடவை அழைத்திருக்கிறார்கள். ஓட்டலிலிருந்து பள்ளிக்கு ஓட்டமாக ஓடினால் எட்டு நிமிடம்.

வருமா என்று அவள் கேட்டதற்கு நான் சொன்னேன்: "நானே அளந்தது. தைரியமாச் சேரு."

மேலாளரின் அறைக்கு வெளியே இரண்டு முறை நடந்தேன். மூன்றாம் முறை அவரே கூப்பிட்டார். மறுநாள் மேடையில் பேச வேண்டியதைத் தாளில் வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மேடையே அந்த ஓட்டலின் வாசலில்தான். ஊர் பார்க்க அங்கே வேகத்தை அளந்து காட்டப்போகிறார்கள்.

"சார், நாற்பத்தேழு..."

"தங்கமான டவர். ஆன்டெனாவை ரோட்டைப் பார்த்துத் திருப்பினதுக்கு அப்புறம் வேகம் எங்கயோ போயிடுச்சு. என்ன அதுக்கு?"

ரோட்டைப் பார்த்துத் திருப்பியிருக்கிறார்கள். பழைய சேவையின் ஆன்டெனா ஓட்டலைப் பார்த்து நின்றது.

"ஒண்ணுமில்ல சார். காலைல ஒருதடவை உள்ள நடந்து பாத்துடலாம்னு."

"பரீட்சை பேப்பரைக் கொடுத்துட்டுத் திரும்பக் கேக்கற பையன் மாதிரி இருக்கீங்க. போய்த் தூங்குங்க."

அங்கேயே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் புதியது உண்மையில் கீழே எட்டுகிறதா இல்லையா என்று எனக்கே தெரியாதே, எட்டினால் ஊரைக் கூட்டியது வீணாகுமே என்று ஒரு சமாதானம் கிடைத்தது. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அலுவலகத்திலிருந்து நடந்தேன். பேருந்து நிறுத்தத்தில் நிற்க முடியவில்லை, அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தேன், அங்கேயும் நிற்க முடியவில்லை. அப்படியே தங்கை வீடுவரை வந்துவிட்டேன்.

"மழை ஏதும் வரப்போகுதா? கூப்பிடாம வந்திருக்க," என்றாள் கதவைத் திறந்து.

"மாமா, பாரு, பல் ஆடுது," என்று குழந்தை வாயைத் திறந்து காட்டினாள். பார்த்தேன். ஆடியது.

தங்கை சாப்பாடு போட்டாள். மேற்பார்வை பார்க்கும் அம்மாளைப் பற்றிச் சொன்னாள். துண்டு மடிப்பதில் ஓரம் ஒரு விரல் விலகினால்கூட உதறிப் போட்டுவிடுவாளாம். "ஆனா நல்லவ. போன் அடிச்சா ஓடிக்கோன்னு முதல் நாளே சொல்லிட்டா." அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"என்ன, தட்டுல படம் வரையற?"

"காலைல உன் வேலை இடத்துக்கு வரேன். ஒரு டெஸ்ட் இருக்கு."

"வா, வா. உனக்கு ஒரு தள்ளுவண்டி தரச் சொல்றேன். சும்மா நிக்காம நாலு விரிப்பு தள்ளு."

கிளம்பும்போது வாசலில் சற்று நேரம் நின்றேன். அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். நான் இப்படி நிற்பது அவளுக்குப் பழக்கம். "பாத்துப் போ," என்று மட்டும் சொன்னாள்.

காலையில் ஒன்பதுக்கெல்லாம் ஓட்டல் வாசலில் மேடையை முடித்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் ஒன்று இரண்டு மூன்று எண்ணிக்கொண்டிருந்தார். நான் பின்வாசல் வழியாக இறங்கினேன். படிக்கட்டிலேயே போனைப் பூட்டினேன். பூட்டின் அடையாளத்தை இரண்டு முறை பார்த்தேன். பிறகு மூன்றாம் முறை.

கூடம் நீளமானது. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு எட்டுச் சலவை இயந்திரங்கள், எதிரே உலர்த்தும் இயந்திரங்கள், நடுவில் மடிக்கும் மேசைகள். ஈரத்துணியும் சூடும் சேர்ந்த ஒரு வாடை. சுழலும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். தங்கை கடைசி மேசையில் இருந்தாள். கையை ஆட்டினாள்.

கதவருகே சிக்னல் ஒரு கோடு இருந்தது. நான்கு அடி நடந்ததும் போய்விட்டது. முதல் இயந்திரம், இல்லை. மூன்றாவது, இல்லை. தங்கையின் மேசை, இல்லை. போனைத் தலைக்கு மேல் தூக்கினேன், தரையோரம் வைத்தேன். மேசைக்கு மேசை நின்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் காத்திருந்தேன். ஒரு நிமிடம் போதாதோ என்று இன்னொரு நிமிடம். இத்தனை பேரும் வேலை செய்கிற ஒரு கூடம், என் திரையில் ஆள் நுழையாத குகையைப்போல வெறுமையாக இருந்தது.

"என்னண்ணா, எதைத் தொலைச்ச?" என்று கத்தினாள் தங்கை. "தரையெல்லாம் தேடற?"

என்னுடைய சொந்தப் போன் பையில் அதிர்ந்தது. அது பழைய சேவையில் இருந்தது. அதற்கு மூன்று கோடு. மணி ஒன்பது நாற்பது. எல்லா டவருக்கும் சேர்த்து அழைப்பு தொடங்கிவிட்டது. ஒவ்வொரு டவருக்கும் பொறுப்பானவர் ரெடி என்று சொல்ல வேண்டும். கடைசி ரெடி வந்ததும் பத்து மணிக்கு அணைத்துவிடுவார்கள். படியேறி வெளியே போய்ப் பேசலாம் என்று இரண்டடி வைத்தேன். படியேறினால் பேசமாட்டேன் என்று தோன்றியது. என்னை எனக்குத் தெரியும். அங்கேயே ஒரு தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாருங்க அது, அரைவை மிஷின்ல நிக்கறது? ம்யூட் பண்ணுங்க," என்றது ஒரு குரல். நாற்பது பேர் சிரித்தார்கள். ம்யூட் செய்தேன்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் எண்களை வாசித்துக்கொண்டே வந்தார். பதினேழு, ரெடி. பதினெட்டு, ரெடி. நாற்பத்தொன்றிலிருந்து என் முறை. ஒவ்வொன்றுக்கும் ம்யூட்டை எடுத்து ரெடி சொல்லி மறுபடி போட்டேன். நாற்பத்தாறு, ரெடி.

"நாற்பத்தேழு?"

விரல் திரையில் இருந்தது. அழுத்தவில்லை.

"நாற்பத்தேழு? ம்யூட்ல இருக்கீங்களா?"

அழுத்தினேன். "ரெடி இல்ல."

"சத்தத்துல கேக்கல. ரெடியா?"

"ரெடி இல்லைங்க! ஓட்டலோட அடித்தளத்துல புதுசு வரல. பழசை வெட்டினா இங்க ஒண்ணுமே இருக்காது."

பிறகு மேலாளரின் குரல், மேடைக்குப் பக்கத்திலிருந்து: "கோப்புல எல்லாம் பச்சையா இருக்கே? கையெழுத்தும் உங்களோடதுதான?"

"போனைப் பூட்டாம அளந்துட்டேன் சார். தப்பு என்னோடது."

"அது ஒரு அடித்தளம்தானே. அப்புறமாச் சரி பண்ணிக்கலாம்."

"அடித்தளத்துல ஆள் இருக்காங்க சார்."

"பழசு ஓடினா ரோட்டுல வேகம் பாதியாயிடும். இன்னும் கால் மணி நேரத்துல இங்க அளந்து காட்டணும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும் சார். கையெழுத்தை எடுத்துடறேன்."

கட்டுப்பாட்டு அறைப் பெண் கேட்டார், கறாராக, கோபம் இல்லாமல்: "பொறுப்பாளர் ரெடி இல்லன்னு சொன்னா நான் வெட்ட முடியாது. நாற்பத்தேழு நிறுத்திவைக்கிறேன். காரணம் என்ன போட?"

"சோதனைப் பிழைன்னு போடுங்க."

"எத்தனை நாள்?"

"ஆன்டெனாவைத் திருப்பணும். நான் மறுபடி அளக்கணும். தெரியலைங்க."

"அஞ்சு நாள்னு போடறேன். நாற்பத்தெட்டு?"

"ரெடி."

அழைப்பு முடிந்தபோது தங்கை எனக்கு எதிரில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் பாதி மடித்த துண்டு.

"இங்க என்ன வராது?"

சொன்னேன். போன் சூடானதை, பூட்டு போனதை, பழைய எண்ணை. சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திச் சொன்னேன். என் வாழ்நாளில் இவ்வளவு உரக்க இவ்வளவு நேரம் பேசியதில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இந்த மூணு வாரத்துல ஸ்கூல்லேருந்து கூப்பிட்டிருந்தா?"

"அது வந்திருக்கும். பழசு இருந்துச்சு. இப்பவும் இருக்கு, அஞ்சு நாளைக்கு."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நேத்து மத்தியானம்."

அவள் துண்டை மேசையில் வைத்தாள். ஓரம் விலகியிருந்தது.

"அப்ப நேத்து என் வீட்ல உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான போன? அவ பல்லைக் காட்டினா, பாத்துட்டுத்தான போன?"

"உறுதியாத் தெரிஞ்சப்புறம் சொல்லலாம்னு..."

"என்கிட்ட சொல்றதுக்கு உனக்கு உறுதி வேணுமா? தெரியலன்னு சொல்லத் தெரியாதா?"

அவள் காத்திருந்தாள். வழக்கமாக என் மௌனத்தை அவள் விட்டுவிடுவாள். இந்தத் தடவை விடவில்லை. இயந்திரம் ஒன்று சுழற்சி முடிந்து நின்றது. அந்தப் பக்கம் மட்டும் சத்தம் குறைந்தது.

"சொல்லத் தெரியல," என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் பத்தைத் தாண்டியிருந்தது. மேலே வாசலில் கைதட்டும் சத்தம் லேசாக இறங்கி வந்தது. அவள் போனை எடுத்துப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கூடத்தின் மூலையில் மேற்பார்வையாளரின் கண்ணாடி அறை இருக்கிறது, மேசையில் கம்பி போட்ட தொலைபேசியோடு. நேராக அங்கே நடந்தாள். கதவைத் தட்டுவதும், அந்த அம்மாள் நிமிர்வதும், இவள் கையை நீட்டித் தொலைபேசியைக் காட்டிப் பேசுவதும் தெரிந்தது. அந்த அம்மாள் முதலில் மறுப்பாகத் தலையை ஆட்டினாள். தங்கை இன்னும் ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள். தங்கை குனிந்து, பள்ளிக்குக் கொடுக்க, தொலைபேசியின் மேல் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

என் போன் மறுபடி அதிர்ந்தது. மேலாளர். இரண்டு முறை அதிர விட்டேன், பிறகு எடுத்தேன்.

"சொல்லுங்க சார். கீழதான் இருக்கேன்."