செதில் கலையாத கொடுவா

நூல் என் சுட்டுவிரலின் மேல் கிடக்கிறது, தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், அதன் மறுமுனையில், கண்டல் மர வேர்களுக்கு அடியில், என் ரப்பர் இறால் சேற்றைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது, கடல் ஏறிவரும் ஏத்தம் நின்றுவிட்டது, இறங்கிப்போகும் வத்தம் இன்னும் தொடங்கவில்லை, உப்பங்கழித் தண்ணீர் அசையாமல் கிடக்கும் இந்த நேரத்தில் கொடுவா மீனுக்குக் கூச்சம் அதிகம், படகின் நிழல் விழுந்தாலே வேருக்குள் போய்விடும், டீச்சர் பெயரைக் கூப்பிட்டதும் பெஞ்சுக்கு அடியில் போய்விடத் துடித்த என்னைப் போல, ஆடாதே என்று விரலுக்குச் சொல்கிறேன், விரல் ஆடுகிறது, பயத்தில் அல்ல, கோபத்தில், எனக்குப் பின்னால் உட்கார்ந்து பீடி இழுக்கும் என் அண்ணன் சந்தியாகு, ஏட்டி எலி, சாயங்காலத்துக்குள்ள மீன் வேணும், வெறுங்கையோட அந்த வீட்டுப் படி மிதிக்க முடியாது என்கிறான், அந்த வீடு என்றால் இரண்டு விசைப்படகு வைத்திருக்கும் வியாகுலத்தின் வீடு, அதில் ஒன்றுக்கு அண்ணன் டிரைவராகப் போகிறான், அதற்காக அந்த வீட்டு மகனுக்கு நான் போகிறேன், எனக்குப் பதினாறு வயது, என் கல்யாணப் பேச்சை முடிக்கிற மீனை நானே பிடித்துக் கொடுக்க வேண்டும்.

எங்கள் கரையில் பேச்சு முடிக்கப் போகும் பெண்வீட்டார் ஒரு முழு மீன் கொண்டுபோவார்கள், வலைத்தழும்பு படாத, ஒரு செதில்கூடக் கலையாத மீன், மாப்பிள்ளையின் அத்தை அதை வாழையிலையில் கிடத்தித் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்ப்பாள், ஒரு செதில் போயிருந்தாலும் ஆகாது என்று இலையோடு தள்ளிவிடுவாள், பெண் பார்க்க வந்த அன்று வியாகுலம் வீட்டு அத்தை என்னையும் அப்படித்தான் தடவினாள், தோளிலிருந்து விரல்நுனிவரை, நல்ல அடக்கமான பிள்ள, வந்ததுலேருந்து வாயே தெறக்கலயே என்றாள், அண்ணன்தான் சத்தமாகச் சிரித்தான், இவளுக்கு வாயி நூலு கடிக்க மட்டுந்தான் அத்தே, அதனாலதான் எலின்னு கூப்புடுதோம் என்றான், உண்மைதான், மெட்ராஸிலிருந்து தூண்டில் போட வருகிறவர்களை அவன் படகில் ஏற்றிக்கொண்டு போகும்போது அவர்களுடைய கொக்கிகளை முடிந்து கொடுப்பவள் நான், முடிச்சை எச்சிலில் நனைத்து இறுக்கி, மிச்ச நூலைப் பல்லால் நறுக்கித் துப்புவேன், இந்த வாயைச் சொல்லித்தான் ஒன்பதாவதோடு என்னை நிறுத்தினான், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு என்றான், பதில் எனக்குத் தெரியும், எல்லாப் பதிலும் தெரியும், தொண்டையில் வந்து நிற்கும், வெளியே வராது, அவ்வளவுதான், அதற்குள் டீச்சர் அடுத்தவளைக் கூப்பிட்டுவிடுவாள், அப்பா இருந்திருந்தால் என்று அம்மா கித்தேரி ஆரம்பிப்பாள், அவளும் முடிக்கமாட்டாள்.

தெளிந்த தண்ணீரில் அண்ணன் இரண்டு நாள் மரத்தில் செதுக்கிய பெரிய பெரிய பொய்மீனாக வீசிப் பார்த்தான், ஒவ்வொன்றும் தேங்காய் விழுந்த மாதிரி விழுந்தது, கழி முழுக்கக் கலங்கியது, ஒன்றும் அண்டவில்லை, பிறகுதான் என்னிடம் வந்தான், ஏட்டி, அந்தச் சின்ன ஜிக்கு வெச்சிருக்கியே, அத எடுத்துட்டு வா, ஜிக் என்பது கழுத்தில் பயறளவு ஈயம் வார்த்த கொக்கி, அதில் ரப்பர் இறாலைக் கோத்து ஓசையில்லாமல் இறக்கினால் தானாகவே மிதந்து மிதந்து இறங்கும், நான் ஏன் எடுத்துக்கொண்டு வந்தேன், இப்போதும் இதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, மாட்டேன் என்பது ஒரு சொல்தானே, அதுவும் தொண்டையிலேயே நின்றது, நான் படகில் ஏறினேன், வீசினேன், விரலில் நூலை வைத்தேன், டொக், யாரோ வெளியிலிருந்து கதவை ஒரு நகத்தால் தட்டுவது போல, அவ்வளவுதான், இங்கேதான் அண்ணன் எப்போதும் வெட்டி இழுப்பான், வெறும் இறால் திரும்பி வரும், நான் தூண்டில் கம்பைத் தாழ்த்தினேன், நூலின் தொய்வை மெதுவாகச் சுற்றினேன், எடை வரட்டும், வரட்டும், வந்தது, அப்போதுதான் தூக்கினேன்.

தண்ணீர் வெடித்தது, வெள்ளி வயிறும் சிவந்த கண்ணுமாக அது எழும்பித் தலையை உதறியது, செவுள் கத்திமாதிரி, நூல் உரசினால் போச்சு, இறுக்கினாலும் போச்சு, அது ஓடும்போது ஓடவிட்டேன், நிற்கும்போது நூலை உள்ளே வாங்கினேன், அண்ணன் எழுந்து குதிக்கிறான், விட்றாதட்டி, எலி, எம்மா, தங்கம், விட்றாத, பிறந்ததிலிருந்து அவன் என்னைத் தங்கம் என்றதில்லை, கைவலை போட்டால் செதில் போய்விடும் என்று ஈரச்சாக்கை விரித்துக் கையால் தூக்கக் குனிகிறான், கொடுவா களைத்துப் படகோரம் சாய்ந்து கிடக்கிறது, ஒரு செதிலும் கலையவில்லை, வாய் திறந்து திறந்து மூடுகிறது, சத்தம் இல்லை, உதட்டோரத்தில் என் இறால், அந்த வாயைப் பார்த்துக்கொண்டே நான் முன்னால் வளைந்தேன், நூலைப் பல்லுக்கு நடுவில் வாங்கினேன், கடித்தேன்.

சாக்கில் தண்ணீர் மட்டும் இருந்தது, அண்ணன் அதையும் என் வாயையும் மாறிமாறிப் பார்த்தான், அடிக்கக்கூட இல்லை, துறைவரைக்கும் கம்பு ஊன்றிப் படகைத் தள்ளினான், அங்கே எங்களைக் கூட்டிப்போக மாப்பிள்ளையின் அத்தை வந்து அம்மாவோடு நிற்கிறாள், அண்ணன் இறங்கியதும் சிரிக்கிறான், நூலு அறுந்துட்டு அத்தே, மட்ட நூலு, நாளைக்கு வேற மீனு, அத்தை, நூலுதான, அதுக்கு யாரு என்ன செய்ய, நாளைக்கே வெச்சுக்கிடுவோம் என்கிறாள், நாளைக்கு, எல்லாம் அப்படியே இருக்கிறது, ஒன்றும் அறுபடவில்லை, நான் கடித்ததைக்கூட அவன் எடுத்துக்கொண்டான், கடையில் வாங்கிய நூலின் கோளாறாக்கிவிட்டான், தொண்டையில் வந்தது, இந்த முறை நிற்கவில்லை, அறுந்து போகல, நான் கடிச்சேன், எனக்குக் கல்யாணம் வேண்டாம், என் குரல் எனக்கே புதிதாகக் கரகரத்தது, நாளைக்கும் கடிப்பேன், எத்தன மீன் வந்தாலும் கடிப்பேன், அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள், முந்தானையை உதறிச் செருகினாள், ஏல சந்தியாகு, பிள்ளைக்கு வாயி இருக்குன்னு நீ சொல்லவேயில்லயே என்றாள், போய்விட்டாள், அதற்குப் பிறகுதான் அண்ணன் அடித்தான், கன்னம் இன்னும் எரிகிறது, எரியட்டும், இனி எப்போது நினைத்தாலும் எரியட்டும், உள்ளே, பல்லிடுக்கில், தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமனாக நூலின் நுனி சிக்கியிருக்கிறது, நான் அதைத் துப்பவில்லை, நாக்கால் தொட்டுப் பார்க்கிறேன், டொக், இப்போது தட்டுவது நான்.