ஆற்று நடுவே ஆராதனை

ரயில் நிலையத்துக்கு எதிரே வெள்ளை வர்ணத்தில் நிற்கிறதே, அந்தத் தேவாலயம் இக்கரை வந்து சேர்ந்ததைக் கர்த்தரின் அற்புதம் என்கிறார்கள் ஊரார். கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மிசூரி ஆற்றுக்கு இந்தப் பக்கம் ரயில் வந்ததும், அந்தப் பக்கம் இருந்த எங்கள் ஊரே வீடுகளைப் பெயர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டது. கடைசியாகத் தேவாலயம். பலகைக் கட்டடத்தை மரச்சறுக்குகளில் ஏற்றினோம். உறைந்த ஆற்றின்மேல் என் குதிரைகள் இழுத்தன. வண்டியோட்டம் என் பிழைப்பு. சனிக்கிழமை இருட்டும்போது பாதி ஆறுதான் தாண்டியிருந்தோம்.

"போதும், நிறுத்தும்மா எல்ஸ்பெத். விடிஞ்சா ஓய்வுநாள்," என்றார் மக்நீல் பாதிரியார்.

"நடு ஆத்துலயா, ஐயா?"

"கர்த்தர் பாத்துப்பார்."

சபையின் மூப்பரான என் வீட்டுக்காரர் ஆர்ச்சி தலையாட்டினார். நான் சொல்லி அந்தத் தலை என்றைக்கும் ஆடியதில்லை.

ஞாயிறு காலை சபையார் பனிக்கட்டியின்மேல் நடந்து போய், நடு ஆற்றிலேயே ஆராதனைக்கு உட்கார்ந்தார்கள். கூத்தைப் பாருங்கள்! நான் கரையில் குதிரைகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கன்னத்தில் வெதுவெதுப்பு. மலையிலிருந்து சினூக் காற்று இறங்கிவிட்டது. ஒரே பொழுதில் முழங்கால் ஆழப் பனியைத் தின்றுவிடும் காற்று அது. பனிக்கட்டியின்மேல் தண்ணீர் தேங்கியது. அடியில் எங்கோ நீளமாக விரிசல் சத்தம். குதிரைகளை ஓட்டிப் போய்ச் சறுக்கில் பூட்டிவிட்டு, ஈர பூட்ஸோடு உள்ளே நுழைந்தேன்.

"எல்லாரும் எறங்குங்க. ஐஸ் உடையுது!"

சங்கீதம் நின்றது. யாரும் அசையவில்லை.

"இன்னிக்கு வேலை செய்யக்கூடாதும்மா," என்றார் பாதிரியார். அவர் குரலே நடுங்கியது.

"நீங்க செய்ய வேணாம். நான் செய்யறேன். எறங்கி நடங்க, போதும்."

ஆர்ச்சி பல்லைக் கடித்தார். "என் மானத்த வாங்காதடி. வெளிய போ!"

"தண்ணிக்குள்ள போனா மானம் காப்பாத்துமா? எந்திரிய்யா!"

அப்போது தரை ஒரு பக்கம் சாய்ந்தது. பெஞ்சுகள் சரிந்தன. எல்லோரும் அலறிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். பெஞ்சுக்கடியில் கால் மாட்டிக் கத்திய ஆர்ச்சியை நான்தான் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டேன். அவரும் நொண்டிக்கொண்டே ஓடினார்.

ராத்திரியெல்லாம் நின்றதில் சறுக்குகள் பனியோடு உறைந்து ஒட்டியிருந்தன. கடப்பாரையால் குத்திப் பெயர்த்தேன். குதிரைகளின் குளம்புகள் வழுக்கின. பின்னால் தண்ணீர் பொங்கியது. "இழுடா ராஜா, இழு!" என்று கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். கரையில் நின்றவர்கள் ஒரு கை கொடுக்கவில்லை. ஓய்வுநாள் அல்லவா! சறுக்கு மண்ணில் ஏறியபோது, நாங்கள் வந்த வழியில் கறுப்பாக ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம், நான் இழுத்து வந்த அதே தேவாலயத்தில் என்மேல் விசாரணை. ஓய்வுநாளை மீறியவளாம். என்னைச் சபையை விட்டு நீக்கச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் பாதிரியார்.

நான் ஆர்ச்சியை மட்டும்தான் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையைத் தூக்கினார்.