மேஸ்திரிக்காக எடுத்த முடிவு

தையல்கார அக்கா வீட்டு நாய்க்கு மேஸ்திரி என்று பேர். லாரி ஓட்டும் தம்பி வைத்த பேர். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் தார்ப்பாய்க்கடியில் கத்திக்கொண்டு கிடந்த குட்டியை அவன் தூக்கிவந்தான். வந்த அன்றே அது ஒவ்வொரு அறையாகப் போய் மேற்பார்வை பார்த்தது. சோறு போட்டது அக்காதான். ஆனால் தம்பி வந்துவிட்டால் அக்கா என்று ஒருத்தி இருப்பதே அதற்கு மறந்துபோகும்.

கடைசியில் மேஸ்திரிக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. "இனிமே மருந்து குடுக்கிறது நம்ம மனசு ஆறுறதுக்குத்தாம்மா" என்றார் டாக்டர். தம்பி லோடு இறக்கிவிட்டு வர இரண்டு நாள் ஆகும். அக்கா காத்திருக்கவில்லை. மதியமே கடைசி ஊசியைப் போடச் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு நாள் பொறுக்க முடியலையா உனக்கு?" என்று போனை வைத்தவன்தான். ஒன்றரை மாதம் பேச்சே இல்லை. அவளும் விளக்கம் சொல்லவில்லை. வாடிக்கையாளர் ரவிக்கைக்குக் கையை மாற்றித் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து நின்றான். இளைத்திருந்தான்.

"எங்க புதைச்ச?"

பின்பக்கச் சுவரோரம் கூட்டிப்போனாள். வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"ரொம்ப வலிச்சிருக்குமாக்கா?"

"ஊசியில வலியில்ல. காலையிலதான்." அவள் தெருப்பக்கம் கையைக் காட்டினாள். "தெருவுல லாரிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் எந்திரிக்கப் பாத்தான்டா. முன்னங்கால மட்டும் ஊனுவான். விழுந்துருவான். அடுத்த லாரி வந்தா மறுபடியும். நாலு தடவை பாத்தேன். அஞ்சாவது லாரி வர்றதுக்குள்ள டாக்டருக்குச் சொல்லிட்டேன்."

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"வண்டி ஓட்டிட்டிருந்தியே. எப்படிடா சொல்லுவேன்?"

அவன் மண்ணைத் தடவினான். "நானா இருந்தா முடிவெடுத்திருக்க மாட்டேன். இழுத்துக்கிட்டே கிடக்க விட்டிருப்பேன். நீ செஞ்சதுதான் சரி."

ஒன்றரை மாதமாக உள்ளே அடைத்துவைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. அக்கா சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். தம்பி எழுந்து வந்து பக்கத்தில் நின்றான்.

"சாப்பிட்டியா?" என்றாள் கடைசியில்.

"இல்ல."

"வா" என்று முன்னால் நடந்தாள்.